உங்கள் பெயரில் வந்த மெயிலை அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள்

இலங்கை மலையகத்தில், எல்லயில் உள்ள சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஆனாலும் சரி, ஹட்டன் பக்கத்துத் தேயிலை பெக்டரி ஆபீஸ் ஆனாலும் சரி, மெயில் பிரச்சினை என்று வந்தால் சொல்வது ஒன்றுதான்: "எங்க மெயிலை ஹேக் பண்ணிட்டாங்க." அந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. உங்கள் கணக்குக்குள் யாருமே நுழையாமல், உங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் எழுதி வேறெங்கிருந்தோ அனுப்பியிருக்கலாம். அல்லது பெயர் மட்டும் உங்களுடையதாக இருந்து, முகவரி வேறாக இருக்கலாம். ஓர் எழுத்து மாறிய முகவரியாகவும் இருக்கலாம். அல்லது உண்மையிலேயே உள்ளே புகுந்திருக்கலாம்.

முதலாவது நடந்திருந்தால் கடவுச்சொல்லை எத்தனை தடவை மாற்றினாலும் போலி மெயில் நிற்காது. மூன்றாவது நடந்திருந்தால் டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) போலியைத் தடுக்கும் ரெக்கோர்ட் எத்தனை போட்டாலும் உள்ளே இருப்பவன் வெளியே போகமாட்டான். எது நடந்தது என்று பார்க்காமலே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நம்பிப் பணத்தை இழந்தவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மெயில் ஒரு சேர்வரிலிருந்து இன்னொரு சேர்வருக்குப் போக இன்றைக்கும் பயன்படும் எஸ்.எம்.டி.பி முறை 1982இல் எழுதப்பட்டது. அதில் அனுப்புநர் இரண்டு இடத்தில் வருகிறார். சேர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லும் முகவரி ஒன்று. மெயில் போய்ச் சேராவிட்டால் திரும்பி வரவேண்டிய இடம் அதுதான். வந்து சேர்ந்த மெயிலில் அது 'ரிட்டர்ன்-பாத்' என்ற வரியில் பதிவாகும். மற்றது கடிதத்தின் தலைப்பில் உள்ள 'ஃப்ரம்' வரி. நம் ஃபோனில் தெரிவது இது மட்டும்தான். தபால் உறையின் பின்னால் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தின் அடியில் வேறொரு பெயரும் இருப்பதைப் போல, இந்த இரண்டும் வேறாக இருக்க முடியும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று அந்தப் பழைய முறை எங்கும் கேட்பதில்லை. அனுப்பியவருக்கு அந்த முகவரியைப் பயன்படுத்த உரிமை இருக்கிறதா என்றும் கேட்பதில்லை.

ஹெடரைப் பார்ப்பது

ஹெடர் என்பது மெயிலின் தலைப்பில் வழமையாக மறைந்திருக்கும், அது வந்த வழியைச் சொல்லும் வரிகள். அதைப் பார்க்க ஃபோன் சரிவராது. ஜிமெயிலின் ஃபோன் செயலியில் முழு ஹெடரைக் காட்டும் வசதி இல்லை. கணினியில் பிரவுசர் வழியாக ஜிமெயிலைத் திறந்து, சந்தேகமான மெயிலின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக் என்றால், மெயிலைத் தனி விண்டோவில் திறந்து 'ஃபைல்', பிறகு 'ப்ரொப்பர்ட்டீஸ்' என்று போனால் அடியில் ஹெடர் இருக்கும்.

ஜிமெயில் மேலே ஒரு சிறு அட்டவணை காட்டும். எஸ்.பி.எஃப் (அனுப்பிய சேர்வருக்கு உரிமை உண்டா என்ற சோதனை), டி.கே.ஐ.எம் (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை), டிமார்க் (இவை ஃப்ரம் வரியோடு பொருந்துகின்றனவா என்ற சோதனை) என்று மூன்று வரிகள், பக்கத்தில் 'பாஸ்' அல்லது 'ஃபெயில்'. பலர் முதல் வரியில் 'பாஸ்' என்று கண்டவுடன் மூடிவிடுகிறார்கள். அது தவறு. தேயிலை வாங்குபவர் ஒருவருக்குப் போகும் போலி இன்வொய்ஸ் மெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரம் வரியில் பெக்டரியின் அசல் முகவரி, ஓர் எழுத்தும் மாறவில்லை. எஸ்.பி.எஃப் பாஸ். டி.கே.ஐ.எம் பாஸ். டிமார்க் மட்டும் ஃபெயில். எப்படி? அனுப்பியவன் தனக்கென்று ஒரு டொமைன் வாங்கி, அதற்கு எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம் இரண்டையும் முறையாகவே அமைத்திருக்கிறான். ரிட்டர்ன்-பாத்தில் இருப்பது அவனுடைய டொமைன். டிஜிட்டல் கையெழுத்தும் அவனுடைய டொமைனின் கையெழுத்து. எஸ்.பி.எஃப் சோதிப்பது ரிட்டர்ன்-பாத் டொமைனை. நம் கண்ணில் படும் ஃப்ரம் வரியை அல்ல. ஆகவே அவன் டொமைனுக்கு அவன் பாஸ். அந்த டொமைனும் ஃப்ரம் வரியின் டொமைனும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது டிமார்க் மட்டுமே. ஆகையால் முதலில் படிக்க வேண்டியது டிமார்க் வரி. அடுத்து, பாஸ் ஆனது எந்த டொமைனுக்கு என்பது.

ஹெடரைத் திறக்காமலே ஓரளவு பார்க்க வழி உண்டு. கணினி ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'மெயில்ட்-பை', 'சைன்ட்-பை' என்று இரண்டு டொமைன்கள் தெரியும். அதிலே 'ரிப்ளை-டு' என்று வேறொரு முகவரி தென்பட்டால் நிதானியுங்கள். அசல் முகவரியிலிருந்து வந்ததுபோலத் தோற்றம் காட்டி, நீங்கள் பதில் எழுதினால் அது மோசடிக்காரனுக்குப் போகும்படி செய்வது அந்த வரிதான்.

'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். ஒவ்வொரு சேர்வரும் தன் வரியை மேலே சேர்ப்பதால் அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஆனால் கீழே இருப்பவை மோசடிக்காரன் தானே எழுதிச் சேர்த்தவையாக இருக்கக்கூடும். உங்கள் சொந்த மெயில் சேர்வர் சேர்த்த வரியில் உள்ள ஐ.பி முகவரியைத்தான் (அனுப்பிய சேர்வரின் இணைய இலக்கம்) நம்பலாம்.

அனுப்பாத மெயில் திரும்பி வந்தால்

ஒரு காலையில் இன்பொக்ஸ் நிறைய 'டெலிவரி ஃபெயில்ட்' அறிவிப்புகள். நீங்கள் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. யாரோ உங்கள் முகவரியை ரிட்டர்ன்-பாத்தில் எழுதி ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஸ்பாம் அனுப்பியிருக்கிறார். போய்ச் சேராதவை உங்களிடம் திரும்புகின்றன. அறிவிப்போடு இணைந்திருக்கும் மூல மெயிலின் ஹெடரைப் பாருங்கள். புறப்பட்ட ஐ.பி உங்கள் சேர்வருடையது இல்லை, 'சென்ட்' ஃபோல்டரிலும் ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் கணக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது. இந்த அலை பொதுவாகத் தானாகவே அடங்கிவிடும். புறப்பட்டது உங்கள் சேர்வரிலிருந்துதான் என்றால் கதை வேறு. கடவுச்சொல் வெளியே போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

இதே வகையில் வரும் இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். "உன் கமராவை நான் திறந்துவிட்டேன், உன் வீடியோ என்னிடம் இருக்கிறது, பிட்கொயின் அனுப்பு, நம்பாவிட்டால் பார், இந்த மெயிலே உன் கணக்கிலிருந்துதான் வந்திருக்கிறது" என்று ஒரு மிரட்டல். சில சமயம் உங்கள் பழைய கடவுச்சொல்லும் அதில் எழுதியிருக்கும். வந்த முகவரி போலி. கடவுச்சொல் ஏதோ ஓர் இணையத்தளத்திலிருந்து எப்போதோ கசிந்த பட்டியலில் கிடைத்தது. வீடியோ எதுவும் கிடையாது. பணம் அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். அந்தக் கடவுச்சொல்லை இன்னமும் எங்காவது வைத்திருந்தால் அங்கே மாற்றுங்கள். 'ஹேவ் ஐ பீன் பவ்ன்ட்' தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவுகளில் அது சிக்கியது என்று காட்டும். இப்படி ஒரு மெயிலைக் கண்டு வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் பிள்ளை தனியாகப் பயந்துகொண்டிருக்காது.

ஓர் எழுத்து மாறிய முகவரி

எல்ல என்ற ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் இரண்டு சின்ன 'எல்' வரும். அதில் ஒன்றை 1 என்ற இலக்கமாக மாற்றி ஒரு டொமைன் வாங்கினால், ஃபோன் திரையில் வித்தியாசம் தெரியாது. 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் 'எம்' போலத் தோன்றும். உங்கள் பெயர் டொட் எல்.கேயில் இருக்க, அதே பெயரை டொட் கொம்மில் வாங்குவதும் உண்டு. இவை அவனுடைய சொந்த டொமைன்கள். ஆகவே எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் மூன்றுமே பாஸ் ஆகும். நீங்கள் உங்கள் டொமைனை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் இதைத் தடுக்காது.

இதைவிட எளிதான தந்திரம், முதலாளியின் பெயரை மட்டும் போட்டு ஏதோ ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து கணக்காளருக்கு எழுதுவது: "மீட்டிங்கில் இருக்கிறேன், கோல் எடுக்க முடியாது, இந்தக் கணக்குக்கு உடனே போடு." ஃபோன் பெயரை மட்டுமே காட்டும், முகவரியை மறைத்துவிடும். பெயரைத் தட்டி முகவரியைப் பார்க்கும் பழக்கம் ஆபீசில் எல்லோருக்கும் வரவேண்டும். முன்பெல்லாம் மொழிப்பிழையை வைத்துப் போலியைப் பிடிக்கலாம் என்பார்கள். இப்போது மெஷின் மொழிபெயர்ப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் எழுதித் தருகிறது. அதை நம்பியிருக்க வேண்டாம்.

இந்த இடத்தில் உண்மையாகக் காப்பாற்றுவது ஒரு தொலைபேசி அழைப்பு. வங்கிக் கணக்கு இலக்கம் மாறியதாக மெயில் வந்தால், யார் அனுப்பியிருந்தாலும், பழைய இன்வொய்ஸில் அச்சடித்த இலக்கத்துக்கு எடுத்துப் பேசிய பிறகே பணம் போகவேண்டும். அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் இலக்கத்துக்கு எடுத்தால், அங்கே பேசுவதும் அவனாகவே இருப்பான்.

உண்மையிலேயே உள்ளே வந்திருந்தால்

ஜிமெயிலைக் கணினியில் திறந்து பக்கத்தின் அடியில் வலது மூலையைப் பாருங்கள். 'லாஸ்ட் அக்கவுண்ட் அக்டிவிட்டி' என்ற வரியும் 'டீட்டெய்ல்ஸ்' என்ற இணைப்பும் இருக்கும். எந்த நேரம், எந்த ஐ.பியிலிருந்து திறந்தார்கள் என்று அது காட்டும்.

கடவுச்சொல்லை மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. உள்ளே வந்தவன் முதலில் செய்வது ஒரு ஃபில்டர் போடுவது: 'இன்வொய்ஸ்', 'பேமன்ட்' என்ற சொல் உள்ள மெயில்கள் வெளியே ஒரு முகவரிக்குப் போகட்டும், இங்கே இன்பொக்ஸில் தெரியாமல் ஆர்க்கைவுக்குப் போகட்டும். கடவுச்சொல் மாறினாலும் அந்த ஃபில்டர் தொடர்ந்து வேலை செய்யும். செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ்', 'ஃபோர்வர்டிங்', 'அக்கவுண்ட்ஸ்' என்ற மூன்று பகுதிகளையும் திறந்து பாருங்கள். வேறு யாருக்காவது கணக்கைத் திறக்க அனுமதி கொடுத்திருக்கிறதா என்பது 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் இருக்கும். உங்கள் டொமைன் மெயிலை ஒரு ஹொஸ்டிங் நிறுவனத்தில் வைத்து, சீ-பெனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் நடத்துகிறீர்கள் என்றால் 'ஃபோர்வர்டர்ஸ்', 'ஈமெயில் ஃபில்டர்ஸ்' இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும். மெயில் பெட்டிக்குள் இருந்து தெரியாது.

வரிசை முக்கியம். முதலில் வைரஸ் இல்லாத வேறொரு கணினி. அதிலிருந்து கடவுச்சொல் மாற்றம். பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றல். அதற்குப் பிறகு ஃபில்டர், ஃபோர்வர்டிங். பிறகு மீட்பு இலக்கமும் மீட்பு முகவரியும். கடைசியில் இரு-படிச் சரிபார்ப்பு. கெட்டுப்போன கணினியில் இருந்தே புதிய கடவுச்சொல்லைத் தட்டினால் அதுவும் அவனிடம் போய்விடும்.

மீட்பு இலக்கம் என்றதும் ஒன்று. வெளிநாட்டு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்க மெயில் முகவரி கேட்டபோது, டவுனில் உள்ள கொம்யூனிகேஷன் கடையில் முகவரி உண்டாக்கிக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். கடைக்காரர் நல்லெண்ணத்தில் செய்திருப்பார். ஆனால் கடவுச்சொல் கடைக் கொப்பியில் இருக்கும். மீட்பு இலக்கமாகக் கடையின் இலக்கமே இருக்கும். வங்கி மெயிலும் அந்த முகவரிக்குத்தான் வருகிறது. இன்றே உங்கள் சொந்த இலக்கத்தைப் போட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

விடுதி நடத்துபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. புக்கிங்.கொம் பெயரில் விடுதிகளுக்குப் போலி மெயில் அனுப்பும் ஒரு கும்பலைப் பற்றி 2025 மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் விவரமாக எழுதியது. தெற்காசியாவும் அதன் குறிகளில் ஒன்று. விருந்தினர் மோசமான விமர்சனம் எழுதியிருக்கிறார் என்றோ கணக்கைச் சரிபார்க்கவேண்டும் என்றோ மெயில் வரும். இணைப்பை அழுத்தினால் 'நான் ரோபோ அல்ல' என்பது போல ஒரு பக்கம். அது விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் அழுத்தச் சொல்லும், பிறகு பேஸ்ட் பண்ணச் சொல்லும், பிறகு என்டர். அந்த மூன்று அசைவில் கடவுச்சொல் திருடும் மென்பொருளை நீங்களே உங்கள் கையால் ஓடவிடுகிறீர்கள். எந்த உண்மையான சரிபார்ப்பும் விசைப்பலகையில் இப்படிச் செய்யச் சொல்லாது. இதை வரவேற்பு மேசையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தடவை உட்காரவைத்துக் காட்டுங்கள். எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.

உங்கள் டொமைனைப் பூட்டுவது

இனி முதலாவது வகைக்கு, அதாவது உங்கள் அசல் முகவரியையே எழுதி அனுப்புவதற்கு வருவோம். இதைப் பெருமளவு தடுக்க முடியும். எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் ஆகிய மூன்று ரெக்கோர்ட்டுகளும் டி.என்.எஸ்ஸில், அதாவது டொமைனின் விவரங்களை உலகுக்குச் சொல்லும் பதிவேட்டில், டெக்ஸ்ட் வகையாகப் போடப்படுபவை. செலவு எதுவும் இல்லை.

எஸ்.பி.எஃப் என்பது உங்கள் டொமைனுக்காக மெயில் அனுப்ப உரிமையுள்ள சேர்வர்களின் பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கவேண்டும். ஹொஸ்டிங் நிறுவனம் ஒன்று போட்டிருக்க, கூகிள் வழிகாட்டியைப் பார்த்து இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது, 'பெர்ம்எரர்' வரும். இரண்டையும் ஒரே வரியாக இணைக்க வேண்டும். அதைப் படிக்கும்போது வரும் டி.என்.எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு 'இன்க்ளூட்'டும் (இன்னொரு டொமைனின் பட்டியலைச் சேர்க்கும் குறிப்பு) ஒரு தேடல், அதற்குள் இருக்கும் 'இன்க்ளூட்'டும் கணக்கில் சேரும். நேரடியாக எழுதிய ஐ.பி முகவரி சேராது.

மலிவான பகிர்வு ஹொஸ்டிங்கில் இருப்பவர்கள் எஸ்.பி.எஃப்பை மட்டும் நம்பவேண்டாம். அதே ஐ.பியிலிருந்து இன்னும் எத்தனையோ பேரின் தளங்கள் மெயில் அனுப்புகின்றன. ஹொஸ்டிங்காரர் கவனமாக இல்லாவிட்டால், அங்கே உள்ள வேறொருவரின் கெட்டுப்போன தளம் உங்கள் முகவரியில் அனுப்பினாலும் எஸ்.பி.எஃப் பாஸ் ஆகிவிடும்.

டி.கே.ஐ.எம் ஒவ்வொரு மெயிலுக்கும் கையெழுத்துப் போடுகிறது. 2048 பிட் திறவுகோலை எடுங்கள். டெக்ஸ்ட் ரெக்கோர்ட்டில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்ட முடியாது; 2048 பிட் திறவுகோல் அதைவிட நீளம். சில பெனல்கள் தாமே பிரித்துக்கொள்ளும், சில பாதியோடு வெட்டிவிடும். போட்ட பிறகு முழுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். 'வைரஸ் சோதிக்கப்பட்டது' என்று மெயிலின் அடியில் வரி சேர்க்கும் மென்பொருள், கையெழுத்துப் போட்ட பிறகு அதைச் சேர்த்தால் கையெழுத்து உடைந்துவிடும்.

டிமார்க் இந்த இரண்டையும் ஃப்ரம் வரியோடு பொருத்திப் பார்க்கிறது. இரண்டில் ஒன்று பாஸ் ஆகி, அதன் டொமைன் ஃப்ரம் வரியோடு ஒத்துப்போனால் போதும். ரெக்கோர்ட்டின் பெயர் அண்டர்ஸ்கோர் போட்டு 'டிமார்க்'. பெனல் டொமைன் பெயரைத் தானே சேர்க்கும் வகையாக இருந்தால், நீங்களும் முழுப் பெயரை எழுதினால் டொமைன் இரண்டு தடவை வந்து ரெக்கோர்ட் எங்கோ போய்விடும். பலருடைய டிமார்க் வேலை செய்யாததற்குக் காரணம் இந்தச் சின்ன விஷயம்தான்.

டிமார்க்கை முதல் நாளே 'ரிஜெக்ட்' (ஃபெயில் ஆனதை ஏற்காதே) என்று போடவேண்டாம். முதலில் 'நன்' (none, எதுவும் செய்யாதே); அத்துடன் அறிக்கைகள் வர ஒரு தனி மெயில் பெட்டி. அறிக்கைகளை வழமையாக நாளுக்கு ஒரு தடவை கூகிள் போன்றவர்கள் சுருக்கிய எக்ஸ்.எம்.எல் கோப்பாக அனுப்புவார்கள். அதில் எந்த ஐ.பியிலிருந்து எத்தனை மெயில் உங்கள் பெயரில் போயிருக்கிறது, எது பாஸ், எது ஃபெயில் என்று இருக்கும். நீங்கள் மறந்துபோன அனுப்புநர்கள் அங்கேதான் வெளிப்படுவார்கள்: ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பும் ஃபோட்டோ கொப்பி மெஷின், சம்பளச் சிட்டை அனுப்பும் மென்பொருள், அறை முன்பதிவு மென்பொருள். இணையத்தளத்திலுள்ள தொடர்புப் படிவமும் ஒரு வழமையான குற்றவாளி. நிரப்பியவரின் முகவரியை ஃப்ரம் வரியில் போட்டு அது மெயில் அனுப்பினால், நீங்களே அவர் பெயரில் போலி மெயில் அனுப்புகிறீர்கள் என்றாகிறது. ஃப்ரம் வரியில் உங்கள் டொமைன் முகவரி, ரிப்ளை-டுவில் அவர் முகவரி என்று மாற்ற வேண்டும்.

ஒரு மாத முடிவாவது அறிக்கைகளுக்குள் வரவேண்டும். சம்பளமும் இன்வொய்ஸும் அப்போதுதான் போகும். நுவரெலியா விடுதிகள் ஏப்ரல் சீசனுக்கு மட்டும் விளம்பர மெயில் அனுப்ப ஒரு சேவையை வைத்திருப்பதுண்டு. அது மற்ற மாத அறிக்கைகளில் தெரியாது. ஆனால் 'ரிஜெக்ட்' போட்ட பிறகு சீசன் மெயில் முழுவதும் தடைப்படும். அந்தச் சேவைக்கும் டி.கே.ஐ.எம் அமைத்துவிட்டு, பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பாமில் போடு), சில வாரங்கள் கழித்து 'ரிஜெக்ட்' என்று போங்கள். மெயிலே அனுப்பாத பழைய டொமைன் ஏதும் கையில் இருந்தால் அதற்கு யாருக்கும் உரிமையில்லை என்ற எஸ்.பி.எஃப்பையும், 'ரிஜெக்ட்' டிமார்க்கையும் உடனே போடலாம், காத்திருக்கத் தேவையில்லை.

டொமைன் மெயிலை ஜிமெயிலுக்கு ஃபோர்வர்ட் பண்ணி வைத்திருப்பவர்கள், ஃபோர்வர்ட் ஆகும்போது எஸ்.பி.எஃப் பெரும்பாலும் உடையும் என்பதை நினைவில் வையுங்கள். அனுப்பியவரின் டி.கே.ஐ.எம் நன்றாக இருந்தால் தப்பும். கூடவே உங்களுக்கு வரும் ஸ்பாமையும் உங்கள் சேர்வரே கூகிளுக்கு அனுப்புவதால் சேர்வரின் பெயரும் கெடும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் எஸ்.பி.எஃப் அல்லது டி.கே.ஐ.எம் எல்லா அனுப்புநர்களிடமும் கேட்கிறது. நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புபவர்கள் டிமார்க் உட்பட மூன்றும் வைத்திருக்க வேண்டும்.

சாதாரண ஸ்பாமுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்களாகச் சேர்ந்த பட்டியல் என்றால் விலகுங்கள். தெரியாத இடத்திலிருந்து வந்தால் உள்ளே இருக்கும் விலகல் இணைப்பை அழுத்தாமல் 'ரிப்போர்ட் ஸ்பாம்' கொடுங்கள். ஸ்பாம் ஃபோல்டரையும் இடைக்கிடையே பாருங்கள். அறை கேட்டு வந்த நல்ல மெயில் அங்கே கிடக்கலாம்.

பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. உள்நாட்டில் செஃப்ட்ஸ் (வங்கிகளுக்கிடையிலான பணமாற்று முறை) வழியாக அனுப்பிய பணம் உடனே மறுபக்கக் கணக்கில் விழும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கில் மிச்சம் இருக்கும்போதே நிறுத்த வாய்ப்பு. அடுத்து ஸ்ரீலங்கா சேர்ட் (கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் தேசிய அமைப்பு), அழைப்பு இலக்கம் 101. பொலிஸ் முறைப்பாட்டுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்று பிரிவும் உண்டு. பொலிஸ் நிலையத்தில் உங்கள் விவரத்தைத் தமிழில் எழுதிக் கையளிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கையில் கொண்டுபோக வேண்டியது ஸ்கிரீன்ஷொட் அல்ல, மூல மெயில். ஸ்கிரீன்ஷொட்டில் ஹெடர் வராது. சாதாரணமாக ஃபோர்வர்ட் பண்ணினாலும் பழைய ஹெடர் போய் உங்களுடையது வந்துவிடும். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலேயே 'டவுன்லோட் ஒரிஜினல்' என்று இருக்கும். அது தரும் இ.எம்.எல் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, வங்கி ரசீதோடு வையுங்கள். ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கும் போலி மெயிலை ஜிமெயில் 30 நாளில் தானே அழித்துவிடும், அதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள்.